வீட்டுக்கென்று வைத்த பெருங்காயம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஹாத்ரஸ் கடைத்தெருவில் ஐம்பது பேர் தாங்களும் கூட இருந்ததாகச் சொல்லித் திரிவதால் பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வீட்டுத் தலைவர் லாலா கிர்வர் பிரசாத் வார்ஷ்ணே, வயது எழுபத்தொன்று. அவருடைய அக்கா ராம்கலி, கணவர் காலமான பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். லாலாவின் ஒரே மகன் சுபோத். சுபோத்தின் மனைவி வினீதா, அலிகர்க்காரி. ஐந்தாவது ஆள் பெருங்காயக் கிடங்கின் தலைமைப் பணியாளர் நஸீர் மியான். அவர் உட்காரவில்லை, கதவோரம் நின்றார். இவர்களைத் தவிர அந்தக் கூடத்தில் வேறு யாரும் இல்லை.

நவராத்திரியின் நான்காம் நாள், பிற்பகல். லாலா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். வயிறு உப்பி, குர்தாவின் கீழ்ப் பொத்தான் எந்த நிமிடமும் தெறிக்கும்போல் இருந்தது. காலையிலிருந்து ஏழு தடவை எழுந்து போய் வந்திருந்தார். ஆனாலும் சாய்ந்து உட்காருவது அந்த வீட்டு ஆண்களுக்கு வழக்கமில்லை.

"ஆக்ராவிலேருந்து ரத்தச் சோதனை வந்திருக்கு," என்றார். "எட்டு மாசமா நான் கோதுமையைத் தொடல. ஆனா கோதுமை இன்னும் உள்ள போய்க்கிட்டே இருக்குன்னு அந்தக் காகிதம் சொல்லுது. நானாப் போடல. அப்ப யாரோ போடறாங்க. யாருன்னு இன்னிக்கே தெரிஞ்சாகணும்."

"யாரு போடுவா கிர்வர்? எலியா?" என்றார் ராம்கலி.

"ஜீஜி, நீங்க சும்மா இருங்க."

"சும்மா இருக்கறதுக்கா என்னை மாடியிலேருந்து இறக்கினே? முட்டி ரெண்டும் கழண்டு கையில வந்துடும்போல இருக்கு."

எட்டு மாதங்களுக்கு முன்பு, லாலாவின் எடை பன்னிரண்டு கிலோ குறைந்து, நடந்தால் மூச்சு வாங்கும் நிலை வந்தபோதுதான் ஆக்ரா டாக்டரம்மா அந்த நோயின் பெயரைச் சொன்னார். கோதுமையில் இருக்கும் பசை குடலுக்கு ஆகாது. பார்லியும் ஆகாது. ஒரு சிட்டிகை மாவு போதும், குடலின் உள்தோல் புண்ணாகும். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. ஆயுளுக்கும் கோதுமை கூடாது, அவ்வளவுதான் வைத்தியம். கோதுமை ரொட்டியைத் தவிர வேறொன்றைச் சாப்பாடு என்றே ஒத்துக்கொள்ளாத ஊரில் ஒரு மனிதனிடம் இதைச் சொல்வது, மீனிடம் தண்ணீர் ஆகாது என்று சொல்வதைப் போல. லாலா அதையும் கேட்டுக்கொண்டார். கேட்டபடியே நடக்கவும் செய்தார். கம்பு ரொட்டி, மக்காச்சோள ரொட்டி, குளத்தில் விளையும் சிங்காராக் கொட்டை மாவு, கீரை விதை மாவு என்று மாறி மாறிச் சாப்பிட்டார். எல்லாம் விரத நாளில் சாப்பிடுகிறவை. "எட்டு மாசமா எனக்கு தினமும் ஏகாதசி. புண்ணியம் மட்டும் ஒண்ணும் சேரல," என்று ஒரு நாள் சொன்னார். அந்த எட்டு மாதத்தில் அவர் சொன்ன வேடிக்கைப் பேச்சு அது ஒன்றுதான்.

முதல் இரண்டு மாதம் உடம்பு தேறியது. எடை நான்கு கிலோ ஏறியது. பிறகு அங்கேயே நின்றது. உப்புசம் போகவில்லை. வயிற்றைப் பிசைவதும் போகவில்லை. மூன்று நாள் நன்றாக இருக்கும்; நான்காம் நாள் ஓட விடும். சரி, இன்னும் எங்கோ தவறு இருக்கிறது என்று லாலா தேட ஆரம்பித்தார். அந்தத் தேடல்தான் வீட்டை ஒரு வழி பண்ணியது. புதுத் தோசைக்கல் வந்தது, புதுக் குழவி வந்தது. கம்பு அரைக்கத் தனி இயந்திரம் வாங்கிக் கிடங்கில் நஸீர் பொறுப்பில் வைத்தார்கள். பொது மாவு மில்லில் கோதுமைத் தூசி பறக்கும் என்பதால் அந்த ஏற்பாடு. பால்காரன் பாத்திரத்தை லாலாவே எட்டிப் பார்த்தார். பூஜையில் மாவில் பிசைந்து வைக்கும் அகல் விளக்கைப் பித்தளையாக மாற்றினார். ரத்த அழுத்த மாத்திரையின் உறையில் மாவு இருக்கிறதா என்று மருந்துக்கடைக்காரனிடம் கேட்டு, அவன் சிரித்ததால் கடையை மாற்றினார். கடைசியில் மருமகளைச் சந்தேகப்பட்டார். மூன்று வாரமாக அவள் கைச் சமையலை விட்டுவிட்டு, தன் அறையில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வைத்துக்கொண்டு தானே சமைத்தார். அவர் சுட்ட கம்பு ரொட்டி ஓடுபோல் உடையும். அதைத் தண்ணீரில் தோய்த்து முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட்டார்.

வெளியே விஷயம் போகவில்லை. பெருங்காய வியாபாரி வீட்டில் வயிற்று நோய் என்றால் ஊர் சும்மா விடுமா? ஊரின் வயிற்றையெல்லாம் சரிசெய்யும் சரக்கை நான்கு தலைமுறையாக விற்கிற குடும்பம். அதனால், லாலா கோதுமையை விட்டுவிடுவதாக ஊர்த் தெய்வம் தாவூஜிக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார் என்று வெளியே சொல்லி வைத்தார்கள். கிடங்கிலும் அதையேதான் சொன்னார்கள். கல்யாண வீடுகளில் பூரியைக் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தபோது, லாலா பக்திமான் என்று நான்கு பேர் மெச்சவும் செய்தார்கள்.

ஆனால் நாள் நெருங்கியது. தசரா முடிந்த ஐந்தாம் நாள் காபூலிலிருந்து வந்த தோல் மூட்டைகளைப் பிரிப்பார்கள். மூட்டைக்குள் கலப்பில்லாத பால் பெருங்காயம், களிம்புபோலக் குழைவாக இருக்கும். ஒவ்வொரு மூட்டையையும் முகர்ந்து, நாக்கில் வைத்து, முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்துச் சொல்ல ஓர் ஆசனம் உண்டு. லாலாவின் கொள்ளுத்தாத்தா முதல் அந்த வீட்டு மூத்தவர்தான் அதில் உட்காருவார். ஊர் வியாபாரிகள் எல்லாரும் எதிரே உட்கார்ந்து பார்ப்பார்கள். போன வருடம் லாலா நடுவில் மூன்று தடவை எழுந்து போனார். யாரோ ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "இந்தத் தடவை சாம்பிளை லேபுக்கு அனுப்பிடலாம்ப்பா, நீங்க சிரமப்பட வேணாம்," என்று சுபோத் மரியாதையாகத்தான் சொன்னான். லாலாவுக்கு அது செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. இன்னும் பதினோரு நாளில் வயிறு அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ஆசனம் இல்லை. இதற்காகத்தான் அன்று எல்லாரையும் கூட்டினார். முதல் தடவையாக நஸீர் மியானுக்கும் உண்மையான நோயைச் சொல்ல வேண்டியதாயிற்று. கம்பு அரைப்பது அவர் பொறுப்பாயிற்றே.

"நஸீர், அந்த மிஷின்ல யாராவது கோதுமை அரைச்சாங்களா?"

"இல்ல லாலாஜி. சாவி என் இடுப்புல இருக்கு." நஸீரின் முகம் வெளுத்திருந்தது. "நேர்த்திக்கடன்னுதானே சொன்னீங்க? இது நோயா?"

"நோய்தான். அதை விடு." லாலா மருமகள் பக்கம் திரும்பினார். "பஹூ, நீ சொல்லு."

வினீதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். எட்டு மாதமாக அடக்கி வைத்திருந்தது குரலில் ஏறியிருந்தது. "என்ன சொல்லணும் பாபுஜி? இந்த வீட்டுல நான் கழுவாத பொருள் ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க, அதையும் கழுவறேன். எங்களுக்கு ரொட்டி போடறது மாடியில. உங்க பாத்திரத்துக்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கேன். உங்க பேரப்பசங்க, பிஸ்கட் சாப்பிட்டா கை கழுவாம உங்க மடியில ஏறக் கூடாதுன்னு அடி வாங்கியிருக்காங்க. மூணு வாரமா நீங்களே சமைக்கறீங்க. அப்புறமும் நான்தானா?"

"காத்துல பறந்து வரலாம்."

"எந்தக் காத்துல?" என்று இடைமறித்தார் ராம்கலி. "இன்னிக்கு நவராத்திரி நாலாம் நாள். நாலு நாளா இந்த வீட்டுல யாருமே கோதுமை திங்கல. மாவு டின்னே திறக்கல. ஊரே உன்னை மாதிரி சிங்காரா மாவுதான் திங்குது. அப்படியிருந்தும் காலையிலேருந்து நீ ஏழு தடவை ஓடினே. நான் எண்ணினேன்."

"இதையெல்லாமா எண்ணுவாங்க?"

"என் ரூமைத் தாண்டித்தானே ஓடறே. கதவு அடிக்கற சத்தத்துல தூங்க முடியல."

அக்கா சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் எரிச்சலாக இருந்தது. வீட்டில் கோதுமையே இல்லாத நாளில் மருமகள் எங்கிருந்து எடுத்துப் போடுவாள்? தலைவலி வந்தவன் தைலப் புட்டியைத் தேடுவதுபோல அவர் கை தானாகவே குர்தாப் பைக்குப் போனது. வெள்ளி டப்பாவை எடுத்தார், கடலை அளவு பெருங்காயத்தைக் கிள்ளினார், பக்கத்திலிருந்த வெந்நீர்ச் செம்பைக் கையில் எடுத்தார்.

"ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு பாபுஜி," என்றாள் வினீதா.

"என்ன?"

"உங்க கையில இருக்கறது."

சுபோத் தரையைப் பார்த்தான். அந்த வீட்டுக்குள் வந்த மருமகள்களில் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னவள் அதுவரை கிடையாது.

விற்பனைக்குப் போகும் பெருங்காயத்தில் மைதாவும் கோந்தும் சேர்த்துப் பிசைவது ரகசியமல்ல. ஊரில் எல்லா வீட்டிலும் அதுதான் தொழில். கூட்டுப் பெருங்காயம் என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது. ஆனால் வீட்டு டப்பா வேறு. மூட்டை பிரித்ததும், மைதா மூட்டை கிடங்குக்குள் வருவதற்கு முன்பே, முதல் கட்டியை எடுத்துத் தாவூஜிக்குக் காட்டிவிட்டு வீட்டுக்கென்று வைப்பார்கள். அதில் ஒரு தூசு மாவு பட்டதில்லை என்பது அந்தக் குடும்பத்தின் பேச்சு. சம்பந்தம் பேச வருகிறவர்களிடம்கூட அதைச் சொல்வார்கள்.

"பஹூ," என்றார் லாலா. குரல் தாழ்ந்திருந்தது. "உனக்குத் தெரிஞ்சுதான் பேசறியா? இது வீட்டு டப்பா."

"தெரியும் பாபுஜி. ஆனா தினமும் நாலு வேளை உங்க வாயில போறது இது ஒண்ணுதான், நான் பாக்காதது. வயிறு வலிச்சா இதை எடுக்கறீங்க. எடுத்தா இன்னும் வலிக்குது. வலிச்சா இன்னும் எடுக்கறீங்க. மூணு மாசமா எனக்கு இதுதான் யோசனை. சொன்னா என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் வாயை மூடிட்டிருந்தேன்."

"மருந்துக்கு விரதமும் இல்ல, தோஷமும் இல்ல. இதுல மாவு கிடையாது. இருந்தா…" லாலா எழுந்து நின்றார். "இதுல மாவு இருந்தா அந்த ஆசனத்துல நான் உட்காரல. துர்க்கை சாட்சி. சுபோத், ஸ்பிரிட் விளக்கைக் கொண்டா."

"லாலாஜி, அது வேணாமே," என்றார் நஸீர்.

"ஏன் வேணாம்?"

அதற்குள் சுபோத் விளக்கை ஏற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டான்.

சோதனை எளியது. தொழிலில் இருக்கிற எல்லாரும் அறிந்தது. பால் பெருங்காயத்தை நெருப்பில் காட்டினால் கற்பூரம்போல் பிடித்துக்கொண்டு எரியும், மிச்சம் வைக்காது. மாவு கலந்தது எரியாது, கருகும். லாலா இடுக்கியில் ஒரு கட்டியைப் பிடித்துத் தாமே சுடரில் நீட்டினார். கட்டியின் ஓரம் மெல்லப் பழுப்பானது. பிறகு கறுத்தது. சுடர் அதில் ஏறவே இல்லை.

"ரொட்டி தீயற வாசனை வருதே," என்றார் ராம்கலி.

வினீதா முக்காட்டால் மூக்கை மூடிக்கொண்டாள். சுபோத்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். லாலா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இன்னொரு தடவை ஆழமாக மூச்சை இழுத்தார். அவருக்கு எந்த வாசனையும் வரவில்லை.

"மியான்," சுபோத்தின் குரல் உயர்ந்தது. "வீட்டு டப்பாவை நிரப்பறது நீங்கதானே? நல்ல சரக்கு எங்க போச்சு?"

"அவன்கிட்ட அப்படிப் பேசாதே," என்றார் லாலா. "நஸீர், நீ சொல்லு. என்னைப் பாத்துச் சொல்லு."

நஸீர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "மூணு வருஷம் முந்தி, பிரிப்பு முடிஞ்ச மறுநாள், வழக்கம்போல முதல் கட்டியை டப்பாவுல வச்சுக் கொடுத்தேன். இது என்ன வெறும் எரிச்சலா இருக்கு, மணமே இல்ல, காபூல்காரன் ஏமாத்திட்டான்னு திருப்பி அனுப்பினீங்க. வேற மூட்டையிலேருந்து கொடுத்தேன். அதையும் திருப்பினீங்க. மூணாவது தடவை டப்பாவை என் மேல வீசினீங்க. நாலாவது தடவை என்ன செய்யறதுன்னு தெரியாம, பிசைஞ்சு வச்சிருந்ததுலேருந்து ஒரு கட்டி எடுத்துக் கொடுத்தேன். நாக்குல வச்சுப் பாத்துட்டு, இதுதாண்டா அசல்னு சொன்னீங்க."

சுபோத் விளக்கை ஊதி அணைத்தான்.

"ஆசனத்துல?" என்று கேட்டார் லாலா. "ரெண்டு வருஷம் ஆசனத்துல உக்காந்து தரம் பிரிச்சேனே?"

"முதல் தரத்தை நானே உங்க வலது பக்கம் வச்சிடுவேன் லாலாஜி. வலது பக்கத்துலேருந்து ஆரம்பிக்கறது உங்க வழக்கம். நீங்க சொன்னது எதுவும் தப்பாப் போகல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உங்க மூக்கு போச்சுன்னு உங்க முகத்தைப் பாத்துச் சொல்றதா? கோதுமை உங்களுக்கு விஷம்னு இன்னிக்கு இந்த வாசல்ல நின்னுதான் கேள்விப்படறேன். அல்லா அறிய, தெரிஞ்சிருந்தா டப்பாவைப் பிடுங்கியிருப்பேன். நேர்த்திக்கடன்னாங்க. மருந்துக்கு விரதம் இல்லன்னு நீங்களே சொன்னீங்க."

"ஆக, நோயை வெளிய சொன்னா மானம் போகும்னு நீ மறைச்சே," என்றார் ராம்கலி தம்பியிடம். "மூக்கு போனதைச் சொன்னா உன் மானம் போகும்னு அவன் மறைச்சான். ரெண்டு பேரும் சேர்ந்து மானத்தை நல்லாக் காப்பாத்தினீங்க. குடல்தான் கிழிஞ்சு போச்சு."

லாலாவுக்கு ஆக்ரா டாக்டரம்மா முதல் நாளே கேட்டது ஞாபகம் வந்தது. இந்த நோய் ரொம்ப நாளாக இருந்தால் உடம்பில் சத்து பிடிக்காமல் சிலருக்கு ருசியும் வாசனையும் மங்கும், உங்களுக்கு எப்படி என்று கேட்டார். "டாக்டர், ஹாத்ரஸுக்கே மூக்கு நான்தான்," என்று அவர் பதில் சொல்லியிருந்தார். அந்த அம்மாள் அதைச் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

டப்பாவை மூடி வினீதாவிடம் நீட்டினார். "இதைக் கழுவு," என்றார். பிறகு எட்டாவது தடவையாக எழுந்து போனார்.

அடுத்த நான்கு நாள் வீட்டில் யாரும் அவரை நெருங்க முடியவில்லை. வயிறு முன்னைப்போலவே பிசைந்தது. பிசையும்போது எடுத்துப் போட ஒன்றும் இல்லாததால் கை சும்மா பைக்குள் போய்ப் போய் வந்தது. புதுப் பால் பெருங்காயம் கொண்டுவரட்டுமா என்று சுபோத் கேட்டதற்கு, "எனக்குத்தான் வித்தியாசம் தெரியாதே, களிமண்ணைக் கொடு," என்றார். ஐந்தாம் நாள் மூன்று தடவை எழுந்தார். எட்டாம் நாள் ஒரே தடவை. பொத்தான் தளர்ந்தது. ரத்தத்தில் சரியாவதற்கு இன்னும் ஆறு மாதமாவது பிடிக்கும் என்று டாக்டரம்மா தொலைபேசியில் சொன்னார். லாலா அதை நம்பவில்லை, மறுக்கவும் இல்லை.

ஒன்பதாம் நாள் காலை ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தார்.

"இது சரியா எரியறதில்ல," என்றார்.

வினீதா பற்ற வைத்துப் பார்த்தாள். நீலமாக, சுற்றிலும் சமமாக எரிந்தது. "நல்லாத்தானே எரியுது பாபுஜி."

"எரியறதில்லன்னு சொன்னேன். நாளைலேருந்து நீயே பாத்துக்க." திரும்பினவர் வாசற்படியில் நின்றார். "கம்பு ரொட்டி கொஞ்சம் மெல்லிசாவே போடு. நீ போடறதுதான் உடையாம வருது."

அன்று மாலை ராம்கலி தம்பியைக் கூப்பிட்டனுப்பினார். "கோவத்துல சொன்ன சத்தியம், கணக்கில்ல. வயிறும் தேறிடுச்சு. பேசாம போய் உக்காரு. வலது பக்கம் நஸீர் வைப்பான், நீ சொல்லு. ரெண்டு வருஷமா யாருக்குத் தெரிஞ்சுது?"

"எனக்குத் தெரிஞ்சுது ஜீஜி."

"சுபோத்துகிட்ட விட்டுடு, லேபுக்கு அனுப்பட்டும்."

"லேபு ஆசனத்துல உக்காராது," என்றார் லாலா.

பிரிப்பு நாளன்று வியாபாரிகள் முப்பது பேர் வந்திருந்தார்கள். தோல் மூட்டைகள் வரிசையாக இருந்தன. லாலா சலவை வேட்டி கட்டி, தொப்பி வைத்து, நிமிர்ந்து நடந்துவந்தார். எல்லாரும் எழுந்தார்கள். அவர் கதவோரம் நின்ற நஸீர் மியானின் முழங்கையைப் பிடித்து அழைத்துப் போனார். நஸீர் இரண்டு தடவை கையை உருவப் பார்த்தார்.

"லாலாஜி, இது முறையில்ல. நான் எப்படி?"

"உக்காரு. சத்தியம் பண்ணினது நான். என்னைப் பொய்யனாக்காதே."

ஆசனத்தில் நஸீரை உட்கார வைத்து, பக்கத்தில் விரித்திருந்த வெறும் பாயில் தாம் உட்கார்ந்தார். முதல் மூட்டையின் வாயைத் தாமே அவிழ்த்து நஸீர் முன் தள்ளினார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. லாலா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், அடங்கிவிட்டது. நஸீர் பொறுக்கிய முதல் தரத்தை அந்த வருடம் யாரும் குறை சொல்லவில்லை.

லாலாவால் வயிற்றுக் கோளாறு தாங்க முடியாமல்தான் ஆசனம் கை மாறியது என்று கடைத்தெருவில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அன்று காலை அவர் மருமகள் சுட்ட கம்பு ரொட்டி மூன்று சாப்பிட்டுவிட்டு வந்தார். பாயில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை.